மோவாய்க்குக் கீழே ஒரு விரல்

விரைவுச்சாலை எங்கள் பக்கம் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஓய்வு என்பது இல்லை. கோலார் பக்கத்துச் சுரங்க ஊரான கோரமண்டலில் என் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நிற்கும். பின் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு பெரிய அட்டைப்பெட்டி இருக்கும். அல்லது, பெட்டியிலிருந்து எடுத்து ஏதோ ஒரு விதமாகக் கட்டி வைத்த குழந்தை சீட்டு இருக்கும். "ஏழுமலண்ணா, இன்னாண்ணா இது, எந்தப் பக்கம் பாத்து மாட்டணும்?" என்பார்கள். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இந்தச் சீட்டை மாட்டுகிறவன் பின் இருக்கையில் ஒரு முழங்காலை ஊன்றி, உடம்பின் எடையை அதில் இறக்கி, பெல்ட்டை இழுக்க வேண்டும். எனக்கு அது வலது முழங்கால். அது இப்போது சொன்னபடி கேட்பதில்லை.

ஒரே தடவை எழுதிவிட்டால் ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. ஆண்டுக்கு ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறேன். அவற்றை எடுத்துப் பார்த்த பிறகு, ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நேர்மையாகாது என்று தோன்றியது.

முதல் பதினான்கு வருடம் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் டிம்பர்மேன் வேலை. தோண்டிய இடம் இடிந்து விழாமல் மரத்தூண் நிறுத்தி முட்டுக் கொடுப்பவன்தான் டிம்பர்மேன். சுரங்கம் மூடியதும் எட்டு மாதம் சும்மா இருந்தேன். பிறகு எல்லாரையும் போல விடிவதற்கு முன் ரயில் ஏறி பெங்களூருக்குப் போனேன். ஒரு கார் விற்பனை நிலையத்தில் வண்டி கழுவினேன், பிறகு சீட் கவர் தைத்து மாட்டினேன், ஸ்பீக்கர் பொருத்தினேன். குழந்தை சீட்டு எங்கள் கடைக்கு வந்த முதல் வருடம் அதை யாரும் வாங்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விற்பனைப் பையன்கள் அதில் தலை வைத்துத் தூங்குவார்கள். கம்பெனியிலிருந்து ஒருநாள் பயிற்சி என்று ஆள் கேட்டபோது மற்றவர்கள் எல்லாம் வேலையாக இருந்ததால் என்னை அனுப்பினார்கள். மணல் நிரப்பிய பொம்மையை வைத்துக்கொண்டு காலையிலிருந்து மாலை வரை மாட்டிக் கழற்றினோம். அவ்வளவுதான் என் படிப்பு.

மீதியை ரத்னா மேடத்திடம் கற்றேன். அவர் எங்கள் பிரிவின் பொறுப்பாளர். கன்னடத்துக்காரர். என்னோடு தமிழில் பேசுவார், ஆனால் பெயருக்குப் பின்னால் கன்னட மரியாதையைச் சேர்த்து "ஏழுமலை அவரே" என்றுதான் கூப்பிடுவார். பேசும்போது யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டார். கண் வேலையின் மேல் இருக்கும். நான் மாட்டி முடித்துக் கதவருகே நிற்பேன். அவர் வளையல்களை மேலே தள்ளிவிட்டு உள்ளே குனிவார். பெல்ட் சீட்டுக்குள் நுழையும் இடத்தில் கை வைத்து இடதும் வலதுமாக ஓர் ஆட்டு ஆட்டுவார். ஒரு விரல்கணுவுக்கு மேல் அசையக் கூடாது. சீட்டின் தலைமாட்டைப் பிடித்து ஆட்டினால் அது கொஞ்சம் அசையத்தான் செய்யும், அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. பிறகு பொம்மையின் தோள் மேல் போகும் வாரைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளுவார். வார் மடிந்து விரலுக்குள் வந்தால் அப்படியே விட்டுவிட்டு நடந்து போய்விடுவார். தப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை. எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து மாட்ட வேண்டும் என்பது எனக்குப் புரியும். வார் மடியாமல் விரல் வழுக்கினால் "ம்" என்பார். சரிபார்ப்புத் தாளில் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து இல்லாமல் வண்டி வாசலைத் தாண்டாது.

எங்கள் ஊர் வழக்கத்தால் வரும் ஒரு சிக்கலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் கார் வாங்கியதும் முதல் வேலையாகத் தடித்த சீட் கவர் போடுகிறார்கள். குழந்தை சீட்டைக் கவ்விப் பிடிப்பதற்காகக் கார் கம்பெனி வைத்த இரண்டு இரும்பு வளையங்கள் அந்தக் கவருக்கு அடியில் புதைந்துவிடுகின்றன. கை விட்டுத் துழாவுகிறவர்களுக்குக் கவரை இழுத்துக் கட்டிய கம்பிக் கொக்கி தட்டுப்படும். அதிலேயே மாட்டிவிடுவார்கள். 'டக்' என்று சத்தமும் வரும். அந்தச் சத்தத்தை நம்பாதீர்கள். பிளேடால் கவரில் இரண்டு ஜன்னல் வெட்டி வளையத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு மாட்டுங்கள். வளையம் இல்லாத பழைய வண்டியானால் கார் பெல்ட்டால் கட்டலாம், பாதுகாப்பில் குறை இல்லை. ஏர்பேக் உள்ள முன் சீட்டில் பின்பக்கம் பார்த்த குழந்தை சீட்டை மாட்டவே கூடாது.

இனி சேகரின் குழந்தை.

சேகர் ஊரிகத்துக்காரன். பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறான். அவன் எனக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் ரயில் ஏறுவதால் டிபன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பான். அவன் மனைவி கலாவுக்கு ஏழரை மாதத்தில் பெண் குழந்தை பிறந்துவிட்டது. பெங்களூர் மருத்துவமனை ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் வாரக்கணக்கில் வைத்திருந்தார்கள். கூட்டமான ரயிலில் அந்தக் குழந்தையை ஊருக்குக் கொண்டு வர முடியாது என்பதால் சேகர் ஒரு பழைய காரை வாங்கினான். எங்கள் கடையில் என் மூலமாக ஒரு குழந்தை சீட்டும் வாங்கினான்.

ரயிலில் கேலி நடந்தது. "எங்கம்மா என்ன ஸ்கூட்டர் முன்னாடி நிக்க வெச்சி பங்காருபேட்ட வரைக்கும் கூட்டினு போவாங்க. நான் செத்தா பூட்டேன்?" என்றான் எங்களோடு சீட்டாடும் ஒருவன்.

"நீ பொழச்சதாலதாண்டா இந்தக் கம்பார்ட்மென்டே அவஸ்த படுது," என்றான் சேகர்.

மருத்துவமனையிலிருந்து குழந்தையை வீட்டுக்கு அனுப்பிய நாள் சனி என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். நாட்குறிப்பில் வெள்ளி என்று இருக்கிறது. காலை ரயில் இருபது நிமிடம் தாமதம் என்றும் இருக்கிறது. நான் அரைநாள் லீவு போட்டுவிட்டு மருத்துவமனை கார் நிறுத்துமிடத்துக்குப் போனேன். அவர்களோடே ஊர் திரும்புவதாக ஏற்பாடு.

சீட்டைப் பின்பக்கம் பார்த்தபடி கார் பெல்ட்டால் கட்டினேன். சாய்வு சரியாக இருந்தது. ஆட்டிப் பார்த்தேன், விரல்கணு அளவுகூட அசையவில்லை. சேகர், காரின் முன்கண்ணாடிக்கு அடியில் தான் ஒட்டி வைத்திருந்த சின்னப் புத்தர் சிலையைப் பார்த்தான்.

"ஏண்ணா, அவரு அங்க இருக்காரு. கொழந்த அவருக்கு முதுகு காட்டினு உக்காருமே?"

குழந்தையோடு வந்து நின்ற கலா சொன்னாள்: "அவரு கண்ண மூடினுதான இருக்காரு. கண்டுக்க மாட்டாரு. நீ கதவத் தொற."

குழந்தையை வைத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. சீட்டோடு வந்த குறிப்புத் தாளில் குறைந்தது இரண்டரை கிலோ என்று இருக்கிறது. குழந்தை இரண்டு கிலோ இருநூறு. பின்பக்கம் பார்த்து உட்காரும் குழந்தைக்கு வார்கள் தோளுக்கு நேராகவோ தோளுக்குக் கீழிருந்தோ வர வேண்டும். வார் வெளியே வரும் துளைகளில் ஆகக் கீழே இருந்ததும் இதன் தோளுக்கு ஒரு விரல் மேலே நின்றது. முதுகுக்குப் பின்னாலும் இடைவெளி. சீட்டுக்குள் குழந்தை தொலைந்துபோனது போல இருந்தது.

"பத்தலியாண்ணா?" என்றான் சேகர். "இங்க தங்கின ரூம காலி பண்ணிட்டோமே. இதவிட சின்ன சீட்டு இருக்குதா?"

"இல்ல. இரு, பாக்கலாம்."

ரத்னா மேடத்துக்குப் போன் செய்திருக்கலாம். போன் சட்டைப் பையில்தான் இருந்தது. கேட்டால் வேண்டாம் என்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால் கேட்கவில்லை.

கலாவின் பையில் இரண்டு பருத்தித் துண்டுகள் இருந்தன. ஒன்றை நான்காக மடித்துக் குழந்தைக்கு அடியிலும் முதுகுக்குப் பின்னாலும் வைத்தேன். தோள் மேலே ஏறித் துளைக்கு நேராக வந்தது. இன்னொன்றைச் சுருட்டிப் பிடரிக்குப் பின்னால் கொடுத்தேன். வாரை இழுத்தேன், கிள்ளினேன், விரல் வழுக்கியது. ஆட்டினேன், அசையவில்லை. எல்லாச் சோதனையிலும் சீட்டு தேறிவிட்டது.

இதை நான் ஏன் செய்தேன் என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். ஒரு டிம்பர்மேன்தான் இந்தத் தப்பைச் செய்வான். மரத்துக்கும் பாறைக்கும் நடுவே விரல் நுழைகிற சந்து தெரிந்தால் அங்கே ஆப்பு அடிக்க வேண்டும். சந்து இருந்தால் பாறை நகரும், நகர்ந்தால் இறங்கும். பதினான்கு வருடம் அதைத்தான் செய்தேன். சந்தைக் கண்டால் என் கை தானாகவே எதையாவது எடுத்து அடைக்கும். அடைத்த பிறகு மனதில் ஒரு நிம்மதி வரும். அந்த வெள்ளிக்கிழமையும் அந்த நிம்மதியோடுதான் சேகருக்குப் பக்கத்தில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

ஹொசகோட்டையைத் தாண்டியதும் பின்னாலிருந்து கலா சொன்னாள், "தூங்கிட்டாண்ணா. நல்லா அசந்து தூங்குறா."

"தூங்கட்டும்மா," என்றேன்.

கொஞ்ச தூரம் போனோம். லாரிகளுக்கு நடுவில் சேகர் மெதுவாகத்தான் ஓட்டினான். "அண்ணா," என்றாள் கலா. குரல் மாறியிருந்தது. "மூக்குகிட்ட கைய வெச்சா காத்து வரலண்ணா."

திரும்பிப் பார்த்தேன். பின்பக்கம் பார்த்த சீட்டு என்பதால் எனக்கு அதன் முதுகுதான் தெரிந்தது. "நிறுத்து நிறுத்து" என்று கத்தினேன். சேகர் ஓரம் கட்டுவதற்குள் கதவைத் திறந்து இறங்கிப் பின்பக்கம் ஓடினேன். பிடரியில் நான் கொடுத்த சுருள் தலையை முன்னால் தள்ளியிருந்தது. மோவாய் நெஞ்சில் பதிந்திருந்தது. உதடு நீலம். சிவப்புப் பொத்தானை அழுத்தி வாரை விடுவித்தேன். கலா குழந்தையைத் தூக்கினாள். தலை பின்னால் சாய்ந்ததும் ஓர் இழுப்பு. அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் இன்னோர் இழுப்பு. அதன் பிறகுதான் அழுகை வந்தது. அந்த இரண்டு இழுப்புக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. எதற்கும் நேரம் குறித்து வைக்கிற ஆள் நான். அதை மட்டும் குறிக்கவில்லை.

சாலையோரத்து நர்சிங் ஹோமில் காட்டினோம். கழுத்து மடிந்து மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கிறது, திரும்பிப் போங்கள் என்றார்கள். கலா குழந்தையை மல்லாத்தி மடியில் வைத்துக்கொள்ள, நான் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வர, பெங்களூருக்கே திரும்பினோம். மருத்துவர் பார்த்துவிட்டுக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். எடை கூடும் வரை இங்கேயே இருக்கட்டும் என்றார்.

மறுநாள் வேலைக்குப் போனதும் ரத்னா மேடத்திடம் போய் நின்றேன். சொன்னேன்.

"துண்டு யார் வெச்சது?"

"நான்தான் மேடம்."

"என்ன ஏன் கேக்கல?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவீங்க மேடம்."

அன்றுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார். "வேண்டாம்னு சொல்றதுக்குத்தான் ஏழுமலை அவரே, நான் இங்க இருக்கறது."

பிறகு மணல் பொம்மையைச் சீட்டில் வைத்தார். கடையில் வண்டி துடைக்கும் துண்டு இரண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். நேற்று வைத்தது போலவே வைக்கச் சொன்னார். வைத்தேன். "மோவாய்க்குக் கீழ விரல் விடுங்க" என்றார். நுழையவில்லை. துண்டுகளை உருவிவிட்டு மறுபடி விடச் சொன்னார். நுழைந்தது. "இந்த எடம் காலியா இருக்கணும். இதுல மூச்சு போகுது," என்றார்.

சீட்டோடு வந்த மெத்தையைத் தவிர, குழந்தைக்கு அடியிலோ முதுகிலோ பிடரியிலோ எதையும் வைக்கக் கூடாது. வாரைக் கட்டிய பிறகு தலை சாயாமல் இருக்க அதன் இரண்டு பக்கமும் மட்டும் துணியைச் சின்னதாகச் சுருட்டி வைக்கலாம். தடித்த ஸ்வெட்டர் போட்டு வாரைக் கட்டினால் ஸ்வெட்டர் அமுங்கி வார் தளர்ந்துவிடும். மெல்லிய துணி போட்டுக் கட்டிவிட்டு மேலே போர்த்துங்கள். சின்னக் குழந்தையை அரைமணிக்கு ஒருமுறை நிறுத்தி வெளியே எடுத்துச் சமமாகப் படுக்க வையுங்கள். சீட்டுக்குக் குழந்தை பத்தவில்லை என்றால் குழந்தை வளரும் வரை காத்திருங்கள். வேறு வழி கிடையாது.

அடுத்த இரண்டு வாரம்தான் என் வேலை வாழ்க்கையிலேயே நீளமானது. கலா மருத்துவமனைக்குப் பக்கத்தில் மறுபடி ஒரு அறையில் தங்கினாள். சேகர் தினமும் ரயிலில் எனக்கு இடம் பிடித்து வைத்து எடையைச் சொன்னான். "இன்னிக்கு முப்பது கிராம் ஏறியிருக்குதுண்ணா." ஒருநாள், "இன்னிக்கு ஏறல." பக்கத்தில் இருந்தவர்களிடம் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொன்னான். "அண்ணன் மட்டும் இல்லன்னா கத முடிஞ்சிது. ஒரே அழுத்து, வார் கழண்டுச்சி." சீட்டாடுகிறவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். கேலி செய்தவனே எழுந்து எனக்கு ஜன்னல் ஓரத்தைக் கொடுத்தான். நான் மாலூர் வருகிறதா என்று வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிடலாம் என்று ஏறுவேன், சொல்லாமல் இறங்குவேன்.

குழந்தை இரண்டரை கிலோவைத் தாண்டியது. தாண்டி இரண்டு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, மருத்துவர் போகலாம் என்றார். இந்த முறை ரத்னா மேடம் தானே ஆட்டோ பிடித்துக் கார் நிறுத்துமிடத்துக்கு வந்துவிட்டார். கையில் சரிபார்ப்புத் தாள்.

நான் சீட்டைக் கட்டினேன். சாய்வு பார்த்தேன். கலா குழந்தையை வைத்தாள். தோள் துளைக்கு நேராக வந்தது. வாரை இழுத்தேன். போதாதென்று இன்னொரு தடவை இழுத்தேன். மேடம் வளையலைத் தள்ளிவிட்டுக் குனிந்தார். ஆட்டினார், கிள்ளினார், மோவாய்க்குக் கீழே விரல் விட்டுப் பார்த்தார். "ம்" என்றார். பிறகு பேனாவைத் திறந்து பிடித்துக்கொண்டு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார், "அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல மேடம்."

பேனாவை மூடினார். தாளோடு போய் ஒரு தூணருகே நின்றுகொண்டார்.

நான் சேகரைக் கூப்பிட்டேன். "சேகரு, நான் காப்பாத்துனேன்னு சொல்லினு இருக்க. அன்னிக்கு கொழந்த மூச்ச அடச்சது நான் வெச்ச துண்டு. சீட்டு பத்தலன்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் வெச்சேன்."

சேகர் கார்ச் சாவியைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டு நின்றான்.

"எனக்குத் தெரியும்ணா," என்றாள் கலா. "தூக்கும்போது அந்தத் துண்டும் கூடவே வந்துச்சி. நான்தான எடுத்துக் கீழ போட்டேன்."

சேகர் அவள் பக்கம் திரும்பினான். "எங்கிட்ட ஏன் சொல்லல நீ?"

"சொன்னா இவர் மூஞ்சப் பாத்துனு தெனம் ட்ரெயின்ல போவியா? வாரத்துக்குள்ள அடிச்சினு நிப்பீங்க. அப்புறம் இத யாரு மாட்டறது, நீயா?" என்றாள். பிறகு என்னிடம், "அண்ணா, நீங்க முன்னாடி ஏறாதீங்க. பின்னாடி வாங்க. அவளுக்கு அந்தப் பக்கம் உக்காந்து மோவாயப் பாத்துனு வாங்க. பதினஞ்சு நாளா நான் தூங்கல. நான் தூங்கணும்."

தூணருகே பேனா திறக்கும் சத்தம் கேட்டது. மேடம் தாளை என்னிடம் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

நடுவில் சீட்டு. ஒரு பக்கம் கலா, தலையைக் கண்ணாடியில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். இந்தப் பக்கம் நான். சேகர் வழியெல்லாம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் "நிறுத்துப்பா" என்றால் நிறுத்தினான். மூன்று இடத்தில் நிறுத்தினோம். ஒவ்வொரு முறையும் அவன் வந்து குழந்தையை எடுத்து, முன் சீட்டில் சமமாகப் படுக்க வைத்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கொண்டு வந்து வைத்தான். நான் வாரைக் கட்டினேன், கிள்ளினேன், விரல் விட்டுப் பார்த்தேன், மூக்கருகே கை வைத்தேன். கலா அசையவே இல்லை. வேகத்தடை வந்தபோதெல்லாம் என் விரல் குழந்தையின் மோவாய்க்குக் கீழே இருந்தது. அன்று சாலையில் வேறு எதையும் நான் பார்க்கவில்லை. கோலார் எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியாது.

ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் அவர்கள் வீட்டு முன்னால் வண்டி நின்றது. அக்கம்பக்கத்தார் வெளியே வந்தார்கள். கலா கண்ணைத் திறந்தாள். அந்தக் கண்ணில் தூக்கத்தின் அடையாளம் துளியும் இல்லை.

"மூணு தடவ நிறுத்தினீங்க," என்றாள். "மூணு தடவயும் வார கட்டிட்டு மூக்குகிட்ட கைய வெச்சிப் பாத்தீங்க."

"தூங்கலியாம்மா நீ?"

"எப்படிண்ணா தூங்குவேன்?"

சிவப்புப் பொத்தானை அவளே அழுத்தினாள். குழந்தையைத் தூக்கி ஒரு தடவை முகத்தருகே வைத்துப் பார்த்தாள். அவள் பக்கத்துக் கதவு சாக்கடை ஓரமாக இருந்ததால், கையில் குழந்தையோடு இறங்க முடியாது.

"இந்தாங்க, புடிங்க," என்று குழந்தையை என்னிடம் நீட்டினாள். "தலையில கைய குடுங்க. நான் எறங்கணும்."